எந்த வேலை எந்த மிஷினுக்கு?

"பத்தாயிரம் அடிச்சா ஒண்ணு என்ன விலை விழும் அண்ணாச்சி?" சிவகாசி அச்சகங்களின் முன்னறையில் நாள்தோறும் கேட்கிற கேள்வி இது. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த கடலைமிட்டாய்க் கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். அச்சக உரிமையாளர் விலை சொல்லவில்லை. "என்னென்ன வேணும், எத்தனை வேணும், வாங்குறவுக அதை வச்சு என்ன செய்வாக? அதை மொதல்ல சொல்லுங்க" என்றார்.

கடைக்காரரிடம் நான்கு வேலைகள் இருந்தன: வீடு வீடாகக் கொடுக்கப் பத்தாயிரம் நோட்டீஸ், புதுக்கடைத் திறப்புக்குப் பெயர் அச்சிட்ட இருநூறு அழைப்பிதழ், துணிப்பை, பில் புக். நான்கும் நான்கு வெவ்வேறு மிஷின்களுக்குப் பிரிந்தன. அந்த வேலைகளின் பின்னாலேயே நானும் போனேன்.

1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் பூமி அதற்குத் துணை நின்றது. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரிந்துகொடுக்கும், மை காயத் தாமதமாகும். வறண்ட ஊரில் அந்தத் தொல்லை குறைவு.

நோட்டீஸ் நான்கு கலர் ஆஃப்செட்டுக்குப் போனது. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் அடிப்படை. பிளேட்டில் படமுள்ள இடம் மையை வாங்கும், வெற்றிடம் தண்ணீரை வாங்கும். பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும், அங்கிருந்து காகிதத்துக்கும் படம் இறங்கும். மிஷின்மேன் முதல் ஷீட்டுகளை உருவி விளக்கடியில் வைத்து, சிறு லென்ஸைக் கண்ணில் ஒட்டிப் பார்த்தார். எனக்கும் காட்டினார். கடலைமிட்டாயின் பழுப்பு, உண்மையில் நான்கு நிறப் புள்ளிகளின் கூட்டம். ஓரத்தில் மஜந்தா மட்டும் மயிரிழை விலகியிருந்தது. சரிசெய்து மறுபடி ஓட்டினார். "தண்ணி கூடினா கலர் வெளிறிரும். குறைஞ்சா வெள்ளை இடத்துல மை ஒட்டிக்கிரும். இதுக்குன்னு ஒரு அளவு புத்தகத்துல இல்ல தம்பி, ஷீட்டைப் பார்த்துத்தான் பிடிக்கணும்" என்றார்.

ஆஃப்செட்டின் கணக்கு இங்கேதான் பிடிபடுகிறது. நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான், நிறம் நிலைக்கும்வரை கழிந்துபோகும் ஷீட்டுகளும் அதேதான். எண்ணிக்கை கூடக்கூட அந்தச் செலவு பரவி, ஒன்றின் விலை இறங்கிக்கொண்டே போகும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே வருகிற வேலைகளில்தான் ஆஃப்செட்டா டிஜிட்டலா என்று உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும்.

இருநூறு அழைப்பிதழ்களுக்கு அந்த யோசனையே தேவைப்படவில்லை. ஒவ்வொன்றிலும் வேறொரு பெயர் வரவேண்டும். ஆஃப்செட் பிளேட் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கும். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது; பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றினால் ஷீட்டுக்கு ஷீட் மாறி வரும். ஆனால் டோனர் என்கிற மைத்தூள் தாளின் மேல் படலமாக உட்காருவதால், கனத்த அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். அங்கிருந்த பெண் ஒருவர் அட்டையை நார்ப்போக்கு பார்த்துத் திருப்பி வைத்து, முதலில் மடிப்புத் தடம் பதிக்கும் கிரீஸிங் போட்டு, பிறகு மடித்தார். மடிப்பில் ஒரு கீறல் இல்லை.

துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போனது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் துணிப்பை வேலைகள் இங்கே நிறைய வருகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் மை, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஒருவர் இழுக்க, இன்னொருவர் பையை மாற்ற, கை ஓய்வதில்லை. நிறத்துக்கு ஒரு தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் உலரவிட வேண்டும். கடைக்காரர் கொண்டுவந்திருந்த டிசைனில் நிறம் நிறத்துக்குள் கரைகிற பின்னணி இருந்தது. "இது நோட்டீஸுக்கு நல்லாருக்கும். பைக்கு அரக்குல ஒரே கலரா, எழுத்தைத் தடிப்பாப் போடுங்க. துவைச்சாலும் கடை பேரு நிக்கும்" என்றார் பட்டறைக்காரர். கடைக்காரர் ஒத்துக்கொண்டார். செலவும் குறைந்தது, பையும் எடுப்பாக வந்தது.

பில் புக் போன இடம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது. பக்கங்கள் ஒற்றைக் கலர் ஆஃப்செட்டில் அடித்து வந்திருந்தாலும், வரிசை எண் போடவும் கிழிக்கும் துளை போடவும் பழைய டிரெடில் அச்சு மிஷின்தான் வேண்டியிருக்கிறது. ஈய எழுத்துகள் போய்விட்ட பிறகும் அந்த இரும்பு மிஷின் வேலையில் இருக்கிறது. எழுபதைத் தொடும் பெரியவர் ஒருவர் ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுத்துக்கொண்டிருந்தார். எண் ஒன்றுகூடத் தப்பவில்லை.

சுற்றிவந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. டிசைனை முடித்துவிட்டு அச்சகத்தைத் தேடாதீர்கள்; அச்சகத்தில் பேசிவிட்டு டிசைனை ஆரம்பியுங்கள். செல்போன் திரையில் மின்னுகிற ஆரஞ்சு நான்கு மையில் அதே மின்னலோடு வராது. அந்த நிறம்தான் உங்கள் அடையாளம் என்றால் தனி மை கலக்கவேண்டும், அதை முன்பே சொல்லவேண்டும். வாடிக்கையாளர் பேனாவால் எழுதவேண்டிய அட்டைக்கு லேமினேஷன் கூடாது. விசிட்டிங் கார்டு மலிவாகக் கிடைப்பது பலருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பதால். அதில் உங்கள் கார்டுக்கென்று நிறம் கூட்டிக் குறைக்க முடியாது.

அவகாசமும் கொடுங்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் இந்த ஊர் மும்முரமாகிவிடும்; ஆண்டு முடிகிறவரை இரவு ஷிஃப்டுகள்தான். கரைப்பான் நெடியில், மிஷின் இரைச்சலில், நின்றபடியே உழைக்கிற மனிதர்கள் இவர்கள். நாளைக்கே வேண்டும் என்று நெருக்கினால் மை காயாத தாளை அறுக்கவேண்டி வரும். அடுக்கில் மேல்தாளின் முதுகில் கறை படியும். இவர்களின் நேரத்தை மதிப்பதும் நல்ல அச்சைப் பெறுவதும் ஒன்றுதான். விலையை விசாரிக்கும் முன், அந்தத் தாள் யார் கைக்குப் போகும், அங்கே என்ன செய்யவேண்டும் என்று மிஷின் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். சரியான முறையை அவர் எடுத்துக் கொடுப்பார்.