டைகர் என்றொரு நாய்

நாய்க்குப் பெயர் வைப்பது எளிது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எங்கள் காலத்து வீடுகளில் ஜிம்மி, சீசர், டைகர் என்று நாலைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வந்தன. பிள்ளைக்கு நாளும் கோளும் பார்த்துப் பெயர் சூட்டியவர்கள், நாய்க்கு மட்டும் வெள்ளைக்காரன் பெயரை வைத்த விந்தை தனியே ஆராயத்தக்கது. நிற்க.

கல்லடியில் எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயரிட்டவர் என் தகப்பனார். அதன் முதுகில் கருங்கோடுகள் இருந்தன, அவ்வளவுதான் காரணம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. எங்கள் தெருமுனையில் காவலரண் ஒன்று எழுந்தது. ஒருநாள் அந்தியில் நாயைக் காணாத அம்மா, வேலியோரம் நின்று "டைகர்! டைகர்!" என்று குரல் கொடுத்தார். துவக்குகளுடன் இருவர் ஓடி வந்துவிட்டனர். எந்தப் புலியை அழைக்கிறாய், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று விசாரணை. நல்லவேளையாக, விசாரிக்கப்பட்டவரே வாலை ஆட்டியபடி வந்து சேர்ந்தார். வந்தவர்கள் சிரிக்கவில்லை.

"பேர மாத்திடு மனே" என்றார் அம்மா அன்றிரவு.

மாற்றுவது எப்படி? அதற்கு அப்போது ஐந்து வயது. மணி என்றோம், வீரன் என்றோம், காதைக்கூட அசைக்கவில்லை. நாய்க்குப் பெயரின் பொருள் தெரியாது, ஓசைதான் தெரியும். குறிப்பாக, முதலில் வந்து விழும் அந்த வல்லோசை. ஆகவே 'டை' என்று தொடங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடினேன். தொல்காப்பியர் குறுக்கே நின்றார்: டகரம் மொழிக்கு முதலில் வாராது. படித்த இலக்கணம் உயிருக்கு உலை வைக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

கடைசியில் கைகொடுத்தவர் மைக் டைசன். அவ்வாண்டு பெப்ரவரியில்தான் அவர் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பட்டத்தை இழந்திருந்தார். எங்கள் பத்திரிகைக்கு அச்செய்தியை மொழிபெயர்த்தவன் நானே. தோற்றவன் பெயர் வீட்டுக்கு ஆகாது என்று அயலவர் ஒருவர் ஆட்சேபித்தார். ஆனால் "டைசன்" என்றதும் நாய் எழுந்து வந்தது. சில நாள் கழித்துக் காவலரணில் இருந்தவரும் அப்பெயரைக் கேட்டு, முட்டியை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிக்கவேண்டி வந்தது.

அம்மா மட்டும், நாய் சாகும்வரை அதைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. வாசலில் நின்று சோற்றுத் தட்டைத் தட்டுவார், அது வரும்.

அந்தக் காவலரண் இன்று இல்லை. வாவிக்குக் குறுக்கே 2013இல் திறந்த புதிய பாலத்தில் மாலையில் பிள்ளைகள் காற்று வாங்குகிறார்கள். போன மாதம் பேத்தி ஒரு குட்டி கொண்டுவந்தாள். செம்மண் நிறம், முதுகில் கோடுகூட இல்லை. என்ன பெயர் என்றேன்.

"டைகர், தாத்தா."

நல்ல பெயர் என்றேன். வேறென்ன சொல்வது? நேற்று அந்திப்பொழுதில் குட்டியைக் காணவில்லை. அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வாசல்வரை சென்றேன். வாய் திறந்தது, குரல் எழவில்லை. உள்ளே திரும்பிப் போய்ச் சோற்றுத் தட்டை எடுத்து வந்தேன்.