காதில் தகடில்லாத பட்டி

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டில். அதில் இரண்டு ஜேர்சிக் கலப்புப் பசுக்கள். வங்கிக் கடனில் வாங்கியவை என்பதால் கடனோடு காப்புறுதியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வீட்டுக்கார ஐயா பத்திரத்தைத் திண்ணையில் விரித்தார். புதுப்பிக்கும் மாதம் கிட்டியிருந்தது.

முதலில் காதைப் பார்த்தோம். பத்திரத்தில் எழுதிய இலக்கமும் காதில் தொங்கும் மஞ்சள் பிளாஸ்ரிக் தகட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். கறுத்தப் பசுவுக்கு ஒன்றாகவே இருந்தது. சிவலைக்குத் தகடே இல்லை. இடது காது நுனிவரை கிழிந்து, ஆறி, இரண்டாகப் பிரிந்து நின்றது.

"சூரைப் பத்தைக்குள்ள தலையை விட்டது தம்பி. அதோட போச்சு."

நாளைக்கு அது செத்தால், பத்திரத்தில் உள்ள பசு இதுதான் என்று காட்ட ஒரு வழியும் இல்லை. கட்டுப்பணமோ தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது காப்புறுதித் தொகை. 2021இல் வாங்கிய விலையே இன்னும் அதில் நிற்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா விழுந்ததும் தவிடு, புண்ணாக்கு, மாடு எல்லாம் விலையேறிவிட்டன. "இந்தக் காசுக்கு இப்ப ஒரு நாம்பன் கண்டுதான் வரும்" என்று ஐயாவே சிரித்தார். தொகையைக் கூட்டலாம், மிருக வைத்தியர் மதிப்பை எழுதித் தரவேண்டும், கட்டுப்பணமும் ஏறும். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் களவுக்கு இழப்பீடு இல்லை, லொறியில் ஏற்றும்போது நடக்கும் விபத்துக்கும் இல்லை. கால்வாய் நோய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். தேடி எடுக்கவே நேரம் போனது.

இவ்வளவும் இரண்டு பசுக்களுக்கு. ஐயாவின் உண்மையான சொத்து கொட்டிலில் இல்லை. காலபோக விதைப்புத் தொடங்கியதும் நாட்டு மாட்டுப் பட்டியை வயற்கரையிலிருந்து காட்டோரத்துக்குச் சாய்த்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் போனோம். கட்டை அடுக்கிய அடைப்புக்குள் சேறு முழங்கால்வரை. கன்றுகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் தொடையில் குறி சுட்டிருக்கிறது. யாருடைய மாடு என்று ஊருக்கும் பொலிசுக்கும் அந்தக் குறி போதும். காப்புறுதிக்கு அது கணக்கில்லை. தனித்தனி இலக்கம், தனித்தனி மதிப்பு, தனித்தனிப் பரிசோதனை வேண்டும். ஒரு லீற்றர் பால் தரும் மாட்டுக்கு அத்தனை செலவும் அலைச்சலும் யார் படுவது?

ஆனால் மாடு சாவது இந்த மழை மாதங்களில்தான். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரைகடந்த நாட்களில் இங்கே மழையோடு குளிர்காற்று அடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. தொற்றுநோய் இல்லை, குளிர் தாங்காத சாவு என்றார்கள். மேய்ச்சல் குறைந்து மெலிந்திருந்த மாடுகள் ஒதுங்க இடமில்லாமல் வெட்டையில் நனைந்தபடி நின்றன. அப்படிச் செத்ததற்கு இழப்பீடு கேட்பதென்றால், புதைக்குமுன் வைத்தியர் உடலைப் பார்க்கவேண்டும். ரோட்டை வெள்ளம் மூடியிருக்கும்போது அவர் எப்படி வருவார்? அதுவரை நரி விட்டுவைக்குமா?

விவசாயக் காப்புறுதிக்கு இந்த நாட்டில் 1973இலேயே சட்டம் வந்தது. 1999இல் புதுச் சட்டமும் வந்தது. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை நெல்லோடு மாட்டையும் எடுத்துக்கொள்கிறது. கட்டி வளர்க்கும் பசுவுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்தும். காட்டில் நிற்கும் பட்டியைப் பட்டியாகவே எண்ணி, குறியை அடையாளமாக ஏற்று, தாழமுக்க நாட்களின் மழையையும் காற்றையும் அளந்து காசு கொடுக்கிற திட்டம்தான் வன்னிக்கு வேண்டும் என்பது என் எண்ணம். மழையை அளந்து இழப்பீடு கொடுக்கும் முறை பயிருக்கு உலகில் பல இடங்களில் நடக்கிறது. கென்யாவின் வரண்ட வடக்கில் மேய்ச்சல் புல் எவ்வளவு கருகியது என்று செய்மதிப் படத்தில் பார்த்து மாட்டுக்காரருக்குக் கொடுக்கிறார்கள்.

ஐயா அவ்வளவு தூரம் காத்திருக்கத் தயாரில்லை. பட்டியில் கறவையில் நிற்கும் பத்து மாட்டையாவது பதியலாமா என்று கேட்டார். பதியலாம், வைத்தியர் வரும் நாளில் பத்தும் கயிற்றில் நிற்கவேண்டும். நாட்டு மாடு கயிற்றுக்கு இலேசில் வராது.

"கார்த்திகை மழை இறுக்க முன்னம் பெடியளைக் கூப்பிட்டுப் பிடிக்கோணும்" என்றபடி போனை எடுத்தார். சிவலைக்குப் புதுத் தகடு அடிக்கவும் அன்றைக்கே சொல்லிவைத்தார்.