தவளை வாத்தியார்

சென்ற கோடை விடுமுறையில் என் மகன் குடும்பத்துடன் தில்லிக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தான். நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரில் மூன்றாண்டுக் காலம் அலுவல் பார்த்துவிட்டுத் திரும்பியவன் அவன். பெற்றோர் அந்நாட்டு மொழியில் வணக்கம் சொல்வதோடு நின்றுவிட்டனர். ஒன்பது வயதுப் பேத்தியோ அங்குள்ள பள்ளியில் பயின்று டச்சு மொழியைத் தண்ணீர் பட்ட பாடாக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், “தாத்தா, நான் பார்த்த படம் ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன், அவர்கள் பேசுவதை நான் தமிழில் சொல்கிறேன்” என்று அருகில் வந்து அமர்ந்தாள். எழுபதைக் கடந்த எனக்குக் குழந்தைகள் படத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்துடனேயே இசைந்தேன். படம் முடிந்தபோது, நான் அறுபது ஆண்டுகளாக எவரிடமும் கூறாத ஒன்றை அக்குழந்தையிடம் கூறும்படி ஆயிற்று. அதனையே அன்பர்களிடமும் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

படத்தின் பெயர் ‘மேஸ்டர் கிக்கர்’. ‘மேஸ்டர்’ என்றால் ஆசிரியர். ‘கிக்கர்’ என்றால் தவளை. ஆகவே ‘தவளை வாத்தியார்’ என்று நாம் சொல்லலாம். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த இதனை இயக்கியவர் அன்னா வான் டெர் ஹைடெ என்னும் பெண்மணி. மூலக்கதையை எழுதியவர் பால் வான் லோன். 1955-இல் பிறந்த இவர் டச்சுக் குழந்தைகளின் அபிமான எழுத்தாளர்களுள் ஒருவர். ஏழாம் பிறந்தநாள் முதல் ஓநாயாக மாறத் தொடங்கும் சிறுவனைப் பற்றி இவர் எழுதிய கதைவரிசையும் அந்நாட்டில் மிகவும் புகழ் பெற்றது. அதுவும் 2011-இல் திரைப்படமாயிற்று.

கதை எளியது. பிரான்ஸ் என்பவர் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் விரும்பும் ஆசிரியர். கதை சொல்வதில் வல்லவர். அவருக்கு ஓர் இரகசியம் உண்டு. சிற்சில வேளைகளில் அவர் தவளையாக மாறிவிடுவார். விலங்குகளிடம் அன்பு மிகுந்த சீதா என்னும் சிறுமி இதனை அறிந்துகொள்கிறாள். ஆம், நம் சீதையின் பெயர்தான்; அது காதில் விழுந்ததும் என் மனைவியும் அடுக்களையிலிருந்து வந்து அமர்ந்துவிட்டாள். சீதா தன் ஆசிரியரைக் காப்பதாக உறுதி கொள்கிறாள். இந்நிலையில் கண்டிப்பு மிக்க புதிய தலைமையாசிரியர் ஒருவர் பள்ளிக்கு வந்து சேருகிறார். அவரும் உருமாறுகிறவரே; ஆனால் அவர் மாறுவது நாரையாக! தவளைக்கு நாரையைக் காட்டிலும் பெரிய பகை ஏது? எஞ்சிய கதையை நான் கூறமாட்டேன். குழந்தைகளுடன் பார்த்து அறிந்துகொள்வதே நன்று.

இக்கதை அந்த மண்ணுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணி வியந்தேன். நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்கும் தாழ்ந்தது. எங்கு நோக்கினும் வாய்க்கால். வாய்க்கால் இருந்தால் தவளை இருக்கும். தவளை இருந்தால் நாரையும் இருக்குமன்றோ? ஹேக் நகரத்தின் சின்னமே வாயில் விலாங்கு மீனைக் கவ்விய நாரைதான். அந்நாட்டில் நாரையினம் அறவே அருகிவிட்டபோது, அதனை மீட்கும் முயற்சியை 1969-இல் தொடங்கி வெற்றியும் கண்டனர். தவளையினத்தையும் அவர்கள் மறந்துவிடவில்லை. குளிர்காலம் முடிந்து தேரைகள் முட்டையிட நீர்நிலை தேடிச் சாலையைக் கடக்கும் இரவுகளில், பெரியவர்களும் சிறுவர்களும் வாளியும் விளக்குமாகச் சென்று, வண்டிச் சக்கரங்களில் சிக்காதபடி அவற்றை எடுத்து மறுபுறம் விடுவார்களாம்.

அந்த நாரை நமக்கும் அந்நியமானதன்று. நம் சத்திமுத்தப் புலவர், மதுரையில் குளிரில் வாடியபடி, ஊரிலிருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு வேண்டிக்கொண்டாரே, அந்தச் செங்கால் நாரைதான் அது. குளிர்காலத்தில் நம் நாட்டுக்கும் வந்துபோகும் பறவை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மைப் போன்றோருக்கு அந்தப் புலவர் உறவினரே ஆவார். ஒருவனுக்குத் தூதாகத் தோன்றும் பறவை மற்றொருவனுக்கு எமனாகத் தோன்றுகிறது. அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது போலும்.

படம் முடிந்தது. பேத்தி என்னைப் பார்த்து, “தாத்தா, உங்கள் வாத்தியாருக்கு இப்படி ஏதாவது இரகசியம் இருந்ததா?” என்று கேட்டாள். குழந்தை விளையாட்டாகத்தான் கேட்டது. எனக்கோ நெஞ்சை ஏதோ அடைத்தது.

1963-ஆம் ஆண்டு. என் தந்தையார் வட இந்திய இரயில்வே ஊர் ஒன்றில் எழுத்தராக இருந்தார். குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தமையால், அங்கிருந்த பள்ளியில் தமிழுக்கென ஓர் ஆசிரியரை அமர்த்தியிருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஐம்பதைக் கடந்த வயது. நாங்கள் அவரை ‘ஐயா’ என்றே அழைப்போம். அவர் கதை சொல்லத் தொடங்கினால், இந்தி வகுப்புப் பிள்ளைகளும் பொருள் விளங்காமலே சாளரத்தருகில் வந்து நின்று கேட்பார்கள்.

எனக்கு வயது பத்து. ஐயா பாடப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருந்தாலும் அதனைப் படிப்பதில்லை என்பதை நான்தான் முதலில் கண்டேன். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு பக்கம் முழுவதையும் பிழையின்றி ஒப்பித்தார். நான் எழுந்து அருகில் சென்று, சத்தமின்றி அதனை நேராகத் திருப்பி வைத்தேன். அவர் திடுக்கிட்டார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, கண் சற்று மங்கிவிட்டது. ஊரில் பெண்ணுக்குத் திருமணம் முடியும்வரை எப்படியாவது இந்த வேலை இருக்க வேண்டும். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்” என்றார். அன்றுமுதல் அலுவலகச் சுற்றறிக்கைகளை அவருக்குப் படித்துக் காட்டியவன் நான். கட்டுரை நோட்டுகளில் பிழை தேடிச் சொன்னவன் நான். ஒரு பெரியவரின் இரகசியத்தைச் சுமக்கிறோம் என்ற பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

ஐந்தாறு மாதங்கள் சென்றன. பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அச்சிட்ட தாள் ஒன்றை ஐயாவிடம் நீட்டி, வகுப்புக்குப் படித்துக் காட்டுமாறு கூறினார். ஐயா அதனை என்னிடம் தந்து, “தம்பி, நீ படி” என்றார். நான் கணீரென்று படித்தேன். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டி, “கெட்டிக்காரப் பையன்! ஏன், உங்கள் வாத்தியார் படிக்க மாட்டாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஐயாவுக்குக் கண் தெரியாது, சார்.”

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஒரு பெரிய மனிதர் முன்னிலையில், எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்லி இன்னும் ஒருமுறை கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை, அவ்வளவே. சொல் வாயைவிட்டு நீங்கிய மறுகணமே வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதமே அவர் வேலையை விட்டு நீங்கினார். வழியனுப்ப இரயில் நிலையத்திற்கு என் தந்தையாருடன் நானும் சென்றேன். என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டு, தடவிப் பார்த்து என் தலைமீது கைவைத்தார். “நீ பொய் ஒன்றும் சொல்லவில்லையே, அப்பா” என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சொல்லை இன்றளவும் மறக்க முடியவில்லை.

ஈராண்டுகள் கழித்து, ஊருக்குச் சென்று திரும்பிய ஒருவர் செய்தி கொண்டுவந்தார். ஐயாவுக்கு வந்தது கண்புரையாம். மதுரையில் அறுவை செய்துகொண்டு, கண்ணாடி அணிந்து நன்றாகப் படிக்கிறாராம். பெண்ணின் திருமணம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறதாம். என் தந்தையார் வருந்தி, “முன்பே தெரிந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து விடுப்பு வாங்கிக் கொடுத்து, சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்திருப்போமே! வேலையும் நிலைத்திருக்குமே!” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இவை அனைத்தையும் பேத்தியிடம் கூறினேன். அவள் நெடுநேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியானால், தாத்தா, நீங்கள் யாரிடமுமே சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நாமும் நம் குழந்தைகளிடம் ஒருபுறம் ‘எதையும் மறைக்காதே’ என்கிறோம். மறுபுறம் ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்கிறோம். அயலூரில் வாழும் குடும்பங்களில் இரண்டாவது அறிவுரை இன்னும் சற்று உரத்தே ஒலிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே குழந்தை எவ்வாறு வழி காண்பது? நான் ஆறு மாதம் மூடி வைத்ததால் ஐயாவின் கண் மேலும் மங்கிற்று. ஒரு கணத்தில் திறந்து காட்டியதால் அவர் பிழைப்புப் போயிற்று. மூடி வைத்ததும் பெருமைக்காக. திறந்து காட்டியதும் பெருமைக்காக. இரண்டிலும் நான் எண்ணிப் பாராதது ஒன்றுதான்: ஐயாவுக்கு எது நன்மை என்பது. படத்துச் சீதா தன் ஆசிரியரின் இரகசியத்தை அறிந்ததும், அவரைக் காக்க வேண்டும் என்றே முதலில் எண்ணுகிறாள். அந்த எண்ணம் எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆகவே பேத்தியிடம் சொன்னேன்: “சொல்லியிருக்க வேண்டும், கண்ணு. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் அன்று, என் அப்பாவிடம். அதற்கு முன், ‘அப்பாவிடம் சொல்லட்டுமா?’ என்று ஐயாவிடமே கேட்டிருக்க வேண்டும்.”

அவள் தலையசைத்தாள். சற்று நேரம் சென்றபின் மிகவும் மெல்லிய குரலில், “தாத்தா, என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒன்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டு உங்களிடம் சொல்லட்டுமா?” என்றாள்.

“கேட்டுவிட்டுச் சொல், அம்மா. தாத்தா எங்கும் போகமாட்டேன்” என்றேன்.