சௌகிட் பசாரில் ஒரு கட்டுக் கீரை

கோலாலம்பூரைச் சுற்றிக்காட்டச் சொன்னால், இரட்டைக் கோபுரத்துக்கு முன்பே சௌகிட் பசாருக்கு அழைத்துப் போவேன். மோனோரயிலில் சௌகிட் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். ஈயச் சுரங்க முதலாளி லோக் சௌ கிட்டின் பெயரைத் தாங்கிய வட்டாரம் இது.

தரை ஈரமாக இருக்கும், பார்த்து நடங்கள். ஒரு பக்கம் கங்கோங், பாயாம் கீரைக் கட்டுகள். இன்னொரு பக்கம் மீன், கோழி. எங்கும் மஞ்சளும் செராயும் கலந்த வாசனை. பிள்ளைகளின் உடம்புக்கு வேண்டிய எல்லாம் இங்கே குவிந்து கிடக்கிறது.

இதே நகரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் ஆய்வு நடத்தி, 2018-இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பிள்ளைகளில் 23 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கையிலிருக்கும் ரிங்கிட்டுக்குச் சோறும் மெகி மீயும் வயிற்றை நிரப்பிவிடும். மீனும் பழமும் அப்படி நிரப்புவதில்லை. அதனால் முதலில் விடுபடுவது அவைதான்.

‘காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்’ என்று வானொலியில் நாங்கள் சொல்வது சுலபம். இரண்டு வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் தாய்க்குப் பசாருக்கு வர நேரம் ஏது? அவர் குடியிருக்கும் மாடிக்குக் கீழேயே கீரையும் மீனும் மலிவாகக் கிடைத்தால், எங்கள் அறிவுரைக்கு வேலையே இருக்காது.