முப்பது நொடிப் பொறுமை

போன மாதம் பாம்பன் போயிருந்தபோது புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே ஏறுவதைப் பார்த்தேன். சில நிமிடம்தான். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்க வேண்டியிருந்தது, நேரம் பிடித்தது. புதுப் பாலத்துக் கணக்கில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பழைய பாலம் பழுது" என்று எழுதினால் சிரிப்பீர்கள். நான் அப்படி எழுதியவன்.

2011. ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ், மூன்று ஹார்ட் டிஸ்க் சேர்ந்த ரெய்டு-5. ஒன்று போனாலும் மற்ற இரண்டை வைத்து மீட்கலாம். செலவைக் குறைக்க, வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் டிஸ்க்குகளையே வாங்கச் சொன்னவன் நான்தான்.

ஒரு காலை ஒரு டிஸ்க்கைக் காணோம். "செத்துப்போச்சு" என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பையன் கேபிளை இழுத்திருப்பான் என்று அவனைச் சத்தம் வேறு போட்டேன். "நான் தொடவே இல்ல சார்" என்றான். புது டிஸ்க் போட்டு மீட்கும்போது பாதியில் இரண்டாவதும் போனது. நான்கு நாள் கணக்கு போச்சு. ரசீதுக் கட்டுகளை வைத்து மறுபடி அடித்தார்கள். பெரும்பகுதி அடித்தது அந்தப் பையன்தான்.

பிறகு லாக்கைப் படித்தபோதுதான் புரிந்தது. படிக்க முடியாத ஒரு செக்டார் வந்தால், அந்த வகை டிஸ்க் விடாமல் முயலும். இரண்டு நிமிடம்கூட ஆகும். அதுவரை யாருக்கும் பதில் சொல்லாது. லினக்ஸ் டிரைவரோ 30 நொடிதான் காத்திருக்கும். பிறகு ரீசெட் அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் டிஸ்க்கையே தள்ளி வைத்துவிடும். சர்வருக்கென்று செய்த டிஸ்க்குகள் ஏழு நொடி போல முயன்றுவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும். மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு அதைச் சரிசெய்துகொள்ளும்.

வழி இரண்டு. டிஸ்க் ஒப்புக்கொண்டால் அதன் முயற்சியை ஏழு நொடியாகக் குறைக்கலாம். பல டிஸ்க்குகள் கரண்ட் போனால் இதை மறந்துவிடும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் சொல்ல வேண்டும். நம் ஊர் கரண்ட் தெரியுமே! ஒப்புக்கொள்ளாத டிஸ்க்குக்கு டிரைவரின் டைம்அவுட்டை 180 நொடியாக்க வேண்டும். இப்போது வரும் என்விஎம்இ டிஸ்க்குகள், தயாராக எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அரை நொடிக் கணக்கில் தாங்களே டிரைவரிடம் சொல்லிவிடுகின்றன.

பையனிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க சார், டீ சாப்பிடுவோம்" என்றான். காசை அவன்தான் கொடுத்தான்.

நான் செத்ததாக எழுதிய முதல் டிஸ்க் அதற்குப் பிறகு ஆறு வருடம் என் வீட்டில் ஓடியது.