கொலு இறங்கிய பிறகு

2025 அக்டோபர் 2, வியாழன்

இரவு ஆரத்தி எடுத்து, கலசத்தை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தி, மரப்பாச்சித் தம்பதியை அத்தை படுக்க வைத்தார். இந்த வருஷக் கொலு முடிந்தது. திதி நீண்டு நவராத்திரியே பத்து ராத்திரியாகிவிட்டதில் கடைசி இரண்டு நாள் எல்லாருக்கும் களைப்பு. வந்தவர்களுக்கே சுண்டல்மேல் ஆசை விட்டுப்போயிருந்தது.

இவர் கையோடு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். நாளைக்கே படியைக் கழற்றிவிட்டால் சனி, ஞாயிறு நிம்மதியாம். "வெள்ளிக்கிழமை யாராவது கொலுவைக் கலைப்பாங்களாடா?" என்று அத்தை கேட்டார். ஸ்பேனர் திரும்ப டிராயருக்குள் போயிற்று. எனக்கும் அதுதான் வசதி. ஹால் காலியானால் வீடே ஒழுங்காகிவிட்டது என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள். மீதி எல்லாம் உள்ரூமில் குவிந்து கிடப்பது அவர்கள் கண்ணில் படாது. தீபாவளி 20ஆம் தேதியே வந்துவிடுகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜைப் பொட்டுகளைத் துடைக்கும் நாள். ஃபிரிட்ஜ், கிரைண்டர், பீரோ, வாஷிங் மெஷின், பையனின் சைக்கிள், இவருடைய லேப்டாப் மூடி வரை சந்தனமும் குங்குமமும். சந்தனம் காய்ந்து தானே உதிர்ந்துவிடும். வம்பு பண்ணுவது குங்குமம்தான். சோப்புத் தண்ணீர் பட்டால் இன்னும் சிவக்கும். மஞ்சளில் காரம் சேர்த்துத்தானே குங்குமமே ஆகிறது. சோப்பிலும் காரம், கேட்பானேன். எலுமிச்சை மூடியால் தேய்த்தால் சிவப்பு இறங்கி மஞ்சளாகும், அப்புறம் ஈரத்துணி போதும். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பொட்டு உடனே மஞ்சளாயிற்று. கேட்டில் இவர் வைத்ததோ எத்தனை பிழிந்தும் நிறம் மாறாமல் ரோஸாக ஒழுகியது. அது தாம்பூலப் பையில் வந்த பாக்கெட் குங்குமம். வெறும் சாயம். அந்தப் பாக்கெட்டுகளைத் தனியே கட்டி வைத்தேன். "நெத்திக்கு வேண்டாம், நிலைப்படிக்கு ஆகட்டும்" என்றார் அத்தை. குங்குமத்தைக் குப்பையில் போட அவர் கை வராது, எனக்கும்தான்.

அடுத்து தேங்காய். வெற்றிலை பாக்கோடு வந்தது ஒரு டஜனுக்கு மேல். ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் குறைந்ததை முதலில் உடைத்தேன். இரண்டு அழுகல். நல்லதில் பாதி பர்ஃபிக்கு, கொஞ்சம் துருவி ஃபிரீசருக்கு. மீதியைக் கீறி மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறேன். நாலு நாள் வெயில் அடித்தால் கொப்பரை, மூட்டம் போட்டால் பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக 20ஆம் தேதியை ஒட்டித்தான் தொடங்கும் என்றாலும் ஐப்பசியை நெருங்கும் வானத்தை யார் நம்புவது?

நமத்த பொரியைப் பூண்டு, மிளகாய் வற்றல் போட்டு வாணலியில் புரட்டினேன். பையனே தீர்த்துவிட்டான். கறுத்த வாழைப்பழம் அப்பமாயிற்று. தெருவில் உடைத்த பூசணிக்காய் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. வாசல் பூசணியை வாசல்காரர்தானே அள்ள வேண்டும்? கோணிப் பையோடு நானே போய் எங்கள் வாசல்வரை கூட்டினேன். எதிர்வீட்டு ஸ்கூட்டர்காரர் பார்த்துக்கொண்டே போனார்.

அக்டோபர் 4, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. காலையில் மாவிளக்கு, தளிகை. கொலுவில் கை வைக்கும்போது மணி மூன்று.

பொம்மையை வைக்கும்போது மேலிருந்து கீழே, எடுக்கும்போது கீழிருந்து மேலே. கீழ்ப்படி காலியானால்தான் மேல்படிக்குக் கை எட்டும். எடுக்குமுன் ஒவ்வொரு படியையும் பையன் போனில் படம் எடுத்தான். அடுத்த வருஷம் எந்த வரிசையில் எது என்று அத்தையும் இவரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

துடைப்பது பற்றி இந்த வீட்டில் ஒரே சட்டம்: தண்ணீர் படக்கூடாது. பழைய பண்ருட்டி பொம்மைகளின் பூச்சு ஈரத்துணியிலேயே வந்துவிடும். பெயின்டிங் பிரஷ், அதுவும் மயிர் மிருதுவானது. கீழ்ப்படிப் பொம்மைகளில் தூசியோடு விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்து பிசுக்காக உட்கார்ந்திருக்கும். அதற்குக் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பது. தேய்த்தால் மூக்கின் கறுப்பு கன்னத்துக்கு வந்துவிடும்.

சுற்றுவதற்கு வேட்டி. மாமனாருடைய வேட்டிகள், துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிப்போனவை, இந்த ஒரு வேலைக்காகவே கிழித்து மடித்து வைத்திருக்கிறோம். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் சென்னைப் புழுக்கத்தில் மை ஒட்டிக்கொள்ளும். மேல்வீட்டில் போன வருஷம் குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றி வைத்தார்கள். இந்த வருஷம் அவர்கள் வீட்டு மகாலட்சுமிக்கு உடம்பெல்லாம் வட்ட வட்டமாகத் தடம். துணிக்கு மேலே பேப்பர், பேப்பருக்கு மேலே எது வேண்டுமானாலும் போகலாம்.

கிருஷ்ணனைச் சுற்றத்தான் நேரம் பிடிக்கும். உடம்பை விட்டுத் தனியே நீட்டிக்கொண்டிருக்கும் புல்லாங்குழல், மடக்கிய முழங்கை, தலையில் மயிற்பீலி. முதலில் குழலுக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பஞ்சை அடைக்க வேண்டும், விரல் நுனியால், தள்ளாமல். பிறகு முழங்கைக்கடியில் ஒரு திண்டு. பிறகு பீலிக்கு ஒரு தொப்பி. கடைசியில்தான் துணி. அதையும் காலிலிருந்து மேலே சுற்ற வேண்டும்; தலையிலிருந்து ஆரம்பித்தால் துணி இழுக்கும்போது பீலிதான் போகும். அத்தை அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார். எண்பது வயதில் கை நடுங்குகிறது என்று இரண்டு வருஷமாகத் தான் சுற்றுவதில்லை. கண் நடுங்கவில்லை.

வருகிறவர்கள் எத்தனை படி என்று எண்ணுகிறார்கள், புதுப் பொம்மை எது என்று கேட்கிறார்கள். இந்தக் கிருஷ்ணன் அத்தையின் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கியது. அவர் இன்னும் குழல் ஊதிக்கொண்டிருப்பது யாரோ ஒவ்வொரு வருஷமும் அந்தச் சந்தில் பஞ்சு அடைத்ததால். படி கட்டுவதைவிட இதைத்தான் நான் கொலு என்பேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் பார்த்தால் செட்டியாரம்மா பொம்மையின் கழுத்தில் விரிசல். மயிரிழைதான், ஆனால் சுற்றிலும் போகிறது. "அரசமரத்தடியில் வெச்சுட்டு வந்துடறேன்" என்றார் இவர். எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். குளக்கரை அரசமரங்களைப் பார்த்தால் தெரியும்: கையில்லாத முருகன், தும்பிக்கை போன பிள்ளையார், பாதி முகத்தோடு பாபா, மழையில் நனைந்துகொண்டு. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்குப் போகும் என்பார்கள். சூளையில் வெந்து எனாமல் பூசிய மண் எங்கே கரையும்? வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லாததைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று மரத்தடியில் விட்டுவருவது பக்தியில் சேராது.

பின்னமான விக்ரகத்தைப் பூஜிக்கக் கூடாது, சரி. ஆனால் செட்டியாரம்மா பருப்பும் புளியும் விற்கிறவள், விக்ரகம் இல்லையே என்று கேட்டேன். அத்தை சிரித்துவிட்டார். விரிசலில் எம்சீல் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பையனின் வாட்டர் கலரில் கழுத்துக்கு நிறம் கொடுத்தேன். சரியாகப் பொருந்தவில்லை. அட்டிகை ஒன்றை வரைந்து மறைத்தாயிற்று. முன்னைவிட வசதியான செட்டியாரம்மாவாகத் தெரிகிறாள்.

மத்தியானம் படிகளைக் கழற்றினோம். இரும்பு ஸ்டாண்டு, நட்டு போல்ட்டு எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில். அதோடு ஸ்பேனரும். கொலுப் பூங்காவுக்குப் பரப்பிய மணலில் முளைத்த கடுகையும் கேழ்வரகையும் தொட்டியில் கவிழ்த்தேன். சீரியல் லைட்டை வழக்கம்போல் உருட்டிப் பையில் திணிக்கப் பார்த்தார்கள். பிடுங்கி அட்டையில் சுற்றி வைத்தேன்.

அப்புறம் தாம்பூலத்தோடு வந்த சாமான்கள். பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் கூடை, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் மாங்காய். குட்டிக் கண்ணாடிகள், சீப்புகள். பிளவுஸ் பிட் ஒரு அடுக்கு, பெரும்பாலும் பாலியஸ்டர், யாருடைய கைக்கும் பத்தாத நீளம். இவை எதையும் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அடுத்த வருஷம் வேறு வீட்டுக்குப் போகும். போன வருஷம் நான் கொடுத்த பச்சைக் கூடை, மூலையில் என் பேனா கீறலோடு, இந்த வருஷம் எனக்கே வந்து சேர்ந்தது. கொடுத்தவர் யார் என்று எழுதப் போவதில்லை. கூடையில் இப்போது வெங்காயம். பாலியஸ்டர் பிட்டெல்லாம் தெருமுனைத் தையல்காரருக்கு. சுருக்குப்பை தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வரும் வருஷம் நாம் கொடுக்கப்போவது அந்தப் பையில் கால் படி பயறு, ஒரு துண்டு நல்ல மஞ்சள். "கௌரவமா இருக்குமா?" என்றார் இவர். பயற்றுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

இரவு பரண் தகராறு. கனமான பெட்டி கீழே, லேசானது மேலே என்று அடுக்கிப் பார்த்தும் இரண்டு பெட்டி வெளியே நிற்கின்றன. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது சாஸ்திரம். ஒன்றையாவது குறைக்கலாம் என்று ஒரு சாஸ்திரமும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பையன் பள்ளிக்குப் போய்விட்டான். சரஸ்வதி பூஜையில் அடுக்கிய புத்தகக் கட்டை இப்போதுதான் பிரித்தேன். அடியில் இருந்த அகராதியில் இராமபாணப் பூச்சி. வெயிலில் விரித்து வைத்தேன். கொப்பரைக்குப் பக்கத்தில் அகராதி காய்கிறது. பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. வேலைக்கு வரும் அக்கா குத்துவிளக்கை எடுத்துக்கொண்டார், நான் சொம்புகளை. எழுத ஒன்றுமில்லை, இடுப்புவலி தவிர.

அக்டோபர் 8, புதன்

வெளியே நிற்கும் இரண்டு பெட்டியில் ஒன்று கல்யாண செட். மணமக்கள், புரோகிதர், நாதஸ்வரக்காரர், தவில்காரர், பந்தியில் உட்கார்ந்த ஒரு வரிசை. இடத்தை அடைப்பது பந்திதான். இரண்டு நாளாக அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

"அதை சின்னவ பொண்ணுக்குக் குடுத்துடலாமா?" என்று அத்தையே கேட்டார். நாத்தனார் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அடுத்த நவராத்திரி அவளுக்குத் தலைக்கொலு. மரப்பாச்சி கொடுப்பதுதான் வழக்கம். கல்யாண செட்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? நானாகக் கேட்டிருந்தால் மூன்று நாள் பேச்சு இருந்திருக்காது. வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

போனில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "மாமி, இதையெல்லாம் எப்படி எடுத்து வைக்கறது?" எப்படி அலங்கரிப்பது என்று கேட்கவில்லை. தேறிவிடுவாள். பெட்டியோடு இரண்டு வேட்டியையும் மடித்து வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

பரண் மூடியாயிற்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்கெட்ச் பேனாவால் உள்ளிருப்பதை எழுதினேன், மூடியில் அல்ல, பக்கவாட்டில். அடுக்கிய பிறகு மூடியை யார் பார்க்க முடியும்? காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து உள்ளே போட்டிருக்கிறேன். அந்துருண்டை வாசனை அத்தைக்கு ஆகாது. காகிதக்கூழ்ப் பொம்மைகள் மட்டும் மூடி போட்ட டப்பாவில், எலிக்குப் பயந்து. பரண் சுவர் வெளிச்சுவர் என்பதால் மழையில் ஓதம் இறங்கும். பெட்டிகளை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, கொலுப்பலகை மேல் ஏற்றியிருக்கிறேன்.

கொப்பரை தப்பித்தது. அகராதியும்.

ஏணியை மடக்கப் போனபோது அத்தை, "முறுக்கு நாழி எங்கே?" என்றார். பரணில். தசாவதாரப் பெட்டிக்குப் பின்னால். தீபாவளிப் பட்சணப் பாத்திரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் மறுபடி ஏறினேன். இறங்கும்போது இடது கையில் முறுக்கு நாழி, வலது கையில் லட்டு ஜாரணி. திங்கட்கிழமை அரிசியை மாவு மில்லுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் அங்கே கூட்டம் தாங்காது.