கச்சான் காற்று

நமது தங்கையின் மகள் புன்னக்காயலில் ஆறாம் வகுப்புப் பயிலும் சிறுமி. மேடையேறியே அறியாதவள், பங்குத் திருவிழாவையொட்டி நடந்த பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பொருள், அன்றீக்கு அடிகளார். உரை எழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

நாமும் ஆசையோடு எழுதினோம். 1578-இல் கொல்லத்தில் அச்சாகிய 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, புன்னக்காயலில் அடிகளார் தங்கி உழைத்தமை, முத்துக்குளித்துறை மக்களின் வாய்மொழியைக் கேட்டு அவர் தமிழுக்கு இலக்கணம் வரைந்தமை, எதையும் விடவில்லை. கடற்கரையை வருணிக்கும் இடத்தில் ‘குடதிசைக் காற்று’ என்றொரு தொடரையும் சேர்த்தோம், சற்றுப் பெருமிதத்துடன்தான்.

“மாமா, இது கச்சான்தானே? தாத்தா அப்படித்தானே சொல்லுவாங்க?” என்றாள்.

“வீட்டுப் பேச்சு மேடைக்கு ஆகாது” என்று அவள் வாயை அடைத்துவிட்டோம். அவள் வாதாடவில்லை. ஒரு வாரம் மனனம் செய்தாள்.

போட்டியன்று கை நடுங்க ஒலிவாங்கியைப் பற்றினாள். நாம் எழுதியதைப் பிசகாமல் சொல்லி வந்தவள், அவ்விடத்தில் ஒரு கணம் நின்றாள். பின்னர், “கச்சான் அடிக்கும் எங்கள் கடற்கரையில்” என்று தொடர்ந்தாள். முன்வரிசையில் அரைத்தூக்கத்திலிருந்த கடலோடிப் பெரியவர்கள் நிமிர்ந்து அமர்ந்தனர். அடிகளார் இலக்கணம் வரைந்த செய்தி அதற்கு அடுத்தே வந்தது. நம் வரிகளையே அவள் வாயிலாகக் கேட்ட நாம் நாணிப்போனோம்.

பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு உரையை அவளே எழுதப்போகிறாளாம். மாமா எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தந்தால் போதுமாம்.